பாதியில் நின்ற பி.காமும் கூடப் போகிற அண்ணனும்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை, எங்கே எடுத்துக்கொண்டாலும் ஏரியாவுக்கு ஒருவர் இருப்பார். சாயந்திரம் டியூஷன் எடுக்கிற அக்கா, ரிட்டையரான வாத்தியார், கிரவுண்டில் பசங்களுக்குப் பந்து பழக்குகிற அண்ணன், இப்படி யாராவது. காலேஜை விட்ட பிள்ளையின் அம்மா கடைசியில் வந்து நிற்பது இவர்கள் வாசலில்தான். "நீங்க சொன்னா கேப்பான் சார், நாலு வார்த்தை சொல்லுங்க." விட்ட பிள்ளையை மறுபடி படிப்புக்குள் கொண்டுவருவது எப்படி என்று சொல்லும் இந்தப் பதிவு அந்த சார்களுக்கும் அக்காக்களுக்கும்.

நாலு வார்த்தையால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. படிப்பின் அருமை தெரியாமல் யாரும் விடுவதில்லை. விட்ட பிறகு அது இன்னும் நன்றாகவே தெரியும். தெரியாமல் இருப்பது வேறு. தன் பெயர் இன்றைக்கு எந்த ரிஜிஸ்டரில், எந்த நிலையில் கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அதை விசாரிக்க ஆபீஸ் கவுன்டருக்குப் போகக் கூச்சம். "இவ்ளோ நாளு எங்க இருந்த?" என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்து வரும் ஒரே கேள்விக்குப் பயந்து மூன்று வருஷத்தைக் கடத்தியவர்கள் உண்டு. அதனால் அறிவுரையைத் தள்ளி வையுங்கள். "நாளைக்கு பத்தரைக்கு ரெடியா இரு, நானும் வரேன்" என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. அன்றைக்கு சொன்ன நேரத்துக்கு நீங்கள் போய் நிற்பதும் அதில் அடக்கம்.

போவதற்கு முந்தைய நாள் அவனிடம் இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொல்லுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், பள்ளியில் வாங்கிய டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், பழைய ஹால் டிக்கெட், கட்டணம் கட்டிய ரசீது, காலேஜ் ஐடி கார்டு. கிழிந்ததென்று எதையும் ஒதுக்க வேண்டாம். பதிவு எண் தெரிகிற ஒரு பழைய ஹால் டிக்கெட் கவுன்டரில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பள்ளிச் சான்றிதழ்களின் ஒரிஜினல் காலேஜிலேயே இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டிசி காலேஜில் இருந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தி: அவன் இன்னும் முறைப்படி வெளியே போகவில்லை.

அந்தக் காகிதங்களை வைத்து அவன் எந்த ரகம் என்று முடிவு செய்யலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே "காலேஜை விட்டுட்டான்"தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

ஆறு செமஸ்டரும் உட்கார்ந்து முடித்து, பேப்பர் மட்டும் பாக்கி வைத்திருப்பவன் காலேஜை விட்டவனே அல்ல, அரியர் வைத்திருப்பவன். அவனுக்கு மறுசேர்க்கை தேவையில்லை, வகுப்புக்கும் போக வேண்டாம். தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும்போது கட்டிவிட்டுப் போய் எழுத வேண்டியதுதான். இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் தங்களை "டிஸ்கன்டினியூ" என்று நினைத்துக்கொண்டு டெலிவரி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது தெரியவருகிற நாளில் முகத்தில் வருகிற மாற்றத்துக்காகவே முதலில் இதைப் பார்த்துவிடலாம்.

நடுவில், மூன்றாவது நான்காவது செமஸ்டரில் வராமல் போய், டிசி வாங்காமல் இருப்பவன் அடுத்த ரகம். அவன் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த செமஸ்டரில் விட்டானோ அதே செமஸ்டர் தொடங்கும் சமயத்தில்தான் உள்ளே வர முடியும். ஒற்றைப்படை செமஸ்டர்கள் ஜூன், ஜூலை வாக்கிலும் இரட்டைப்படை செமஸ்டர்கள் டிசம்பர், ஜனவரி வாக்கிலும் தொடங்கும். நான்காவது செமஸ்டரில் விட்டவன் ஜூனில் போய் நின்றால் "டிசம்பர்ல வா" என்பார்கள். அதைக் கேட்டு 'வேண்டாங்கறாங்க' என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடுவான். உண்மையில் அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தேதிதான் சொன்னார்கள். கூடப் போகிறவர் இருந்தால் இந்தப் பிசகு நடக்காது.

வருகைப்பதிவு குறைந்ததால் ஹால் டிக்கெட் கிடைக்காமல் போய், அந்தக் கோபத்தில் விட்டவன் இன்னொரு ரகம். சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் கணக்கு இப்படி. 75 சதவீதம் இருந்தால் தொல்லை இல்லை. 65 முதல் 74 வரை கண்டொனேஷன் கட்டணம், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம் கட்டி அதே தேர்வை எழுதலாம். 50 முதல் 64 வரை அந்தத் தேர்வு போச்சு, ஆனால் கட்டணம் கட்டி அனுமதி வாங்கி அடுத்த தேர்வில் எழுதலாம். 50க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். 'டீடெயின் பண்ணிட்டாங்க' என்ற ஒரே வார்த்தையில் இவை அத்தனையையும் பசங்கள் போட்டு அமுக்கிவிடுவார்கள். சதவீதம் எத்தனை என்று கேளுங்கள். 58 என்றால் அவன் அரியர் எழுதப் போகிறவன். 41 என்றால் செமஸ்டரைத் திரும்பப் படிக்கப் போகிறவன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

டிசி வாங்கிவிட்டவனுக்குத்தான் வழி நீளம். அவன் பெயர் அங்கே இல்லை. பெரும்பாலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். அவனைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்ஜினியரிங் பையன் என்றால் முதலில் கெடுவைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் நான்கு வருட பி.இ.யை 14 செமஸ்டருக்குள், அதாவது 7 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 12 செமஸ்டர். சேர்ந்த வருஷத்தை எழுதி, 7 வருடத்தை (டிப்ளமோ முடித்துச் சேர்ந்தவர் என்றால் 6) கூட்டி, இன்றிலிருந்து எத்தனை தேர்வு மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

ஆபீஸுக்குப் போகிற நேரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்மிஷன் நடக்கிற வாரத்தில் போகாதீர்கள், ரிசல்ட் வந்த வாரத்திலும் வேண்டாம். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிட்டுச் சாதாரண நாளில் பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே போனால் ஆள் இருப்பார்கள், பேச நேரமும் இருக்கும். முதலில் துறைத் தலைவரைப் பார்ப்பதா, ஆபீஸைப் பார்ப்பதா என்றால் ஆபீஸ்தான் என்பேன். துறைத் தலைவர் கேட்கப்போகிற முதல் கேள்வியே "உன் ஸ்டேட்டஸ் என்ன?" என்பதுதான். அதற்குப் பதில் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

கவுன்டரில் அவன்தான் பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், போதும். நீங்கள் பேசினால் அங்கிருப்பவர் உங்களிடமே பேசுவார். அடுத்த முறை அவன் தனியாக வரமாட்டான். கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். அவற்றைக் கைப்பேசியில் இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வையுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும். ஒன்று, என் பெயர் இன்னும் ரோலில் இருக்கிறதா? இரண்டு, நான் சேர்ந்த வருஷத்தின் பாடத்திட்டத்திலேயே எழுதலாமா, எந்தத் தேர்வு வரைக்கும்? மூன்று, நோ டியூவில், அதாவது கட்ட வேண்டியது, திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை என்ற சான்றில், ஏதாவது பாக்கி இருக்கிறதா?

மூன்றாவது கேள்வி சில்லறையாகத் தெரியும். ஆனால் எல்லாம் சரியாகி, கடைசி நாளில் லைப்ரரியில் திருப்பிக் கொடுக்காத ஒரு புத்தகத்தால் விண்ணப்பம் நின்றுபோவது சாதாரணமாக நடக்கிற விஷயம். புத்தகத்தைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் விலையும் அபராதமும் கட்டி ரசீதை ஃபைலில் வையுங்கள்.

இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. பாடத்திட்டம் மாறும்போது பழைய மாணவர்களுக்குச் சில வருடங்கள் பழைய பாடத்திலேயே எழுத அவகாசம் தருவார்கள். அது முடிந்த பிறகு அப்போது நடப்பிலுள்ள பாடத்தில்தான் எழுத வேண்டும். சென்னைப் பல்கலையில் 2023-24இல் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முன் சேர்ந்தவர்கள் தங்கள் பழைய பேப்பருக்கு இணையான புது பேப்பர் எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி வேறு பேப்பருக்குப் பணம் கட்டினால் அந்த செமஸ்டரே வீண்.

மறுசேர்க்கைக் கடிதம் எழுதும்போது அழுகைக் கதை வேண்டாம். அனுப்புநரில் பெயர், பதிவு எண், படிப்பு, சேர்ந்த ஆண்டு, கைப்பேசி எண். பெறுநர் முதல்வர், வழி துறைத் தலைவர். கடிதத்துக்குள்ளே மூன்று வரி: "நான் மேற்கண்ட படிப்பில் மூன்றாம் செமஸ்டர் வரை பயின்றேன். அப்பாவின் உடல்நிலை காரணமாக வேலைக்குச் செல்ல நேர்ந்ததால் தொடர இயலவில்லை. நான்காம் செமஸ்டரில் மீண்டும் சேர்ந்து படிக்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." காரணம் எதுவாக இருந்தாலும் உண்மையான ஒரு வரி போதும். மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தால் இணைக்கலாம், இல்லாததை உண்டாக்க வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் கல்லூரிக்கு மேலே இருந்தும் வர வேண்டியிருக்கலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். "உன் லெட்டரே வரலையே" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு அந்த சீல்தான் சாட்சி.

இனி மார்க் ஷீட். இங்கேதான் கூட இருப்பவருக்கு உண்மையான வேலை. ஒரு நீளமான நோட்டில் கோடு போட்டு, செமஸ்டர், பேப்பர் பெயர், பேப்பர் கோடு (குறியீட்டு எண்), இன்டர்னல், எக்ஸ்டர்னல், தேர்ச்சி என்று எழுத வையுங்கள். தேர்ச்சி கட்டத்தில் 'ஆர்ஏ' என்று இருந்தால் மறுபடி எழுத வேண்டும் என்று பொருள். 'ஏஏஏ' என்றால் அன்றைக்கு வரவில்லை. அவன் மனசில் "பதினேழு அரியர்" என்று பூதமாக நிற்பது காகிதத்தில் வந்ததும் வேறு மாதிரி ஆகும். பதினேழில் ஒன்பது ஏஏஏ என்றால், அந்த ஒன்பதில் அவன் தோற்கவில்லை, எழுதவேயில்லை. இதை அவனே பென்சிலால் வட்டம் போட்டுப் பார்க்கட்டும்.

எத்தனை மார்க் வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 25க்கு இன்டர்னல், 75க்கு எக்ஸ்டர்னல். தேர்ச்சிக்கு எக்ஸ்டர்னலில் 30, மொத்தத்தில் 40. இன்டர்னல் அப்படியே நிற்கும், திரும்ப எழுதினாலும் மாறாது. ஆக இன்டர்னல் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் இலக்கு 30. பத்துக்கு எத்தனை குறைகிறதோ அத்தனையை முப்பதோடு சேருங்கள்: இன்டர்னல் 6 என்றால் 34, இன்டர்னல் 4 என்றால் 36. ஒவ்வொரு பேப்பருக்கு எதிரிலும் இந்த எண்ணை எழுதி வட்டம் போடுங்கள். இனி அவன் படிப்பது பி.காமுக்காக இல்லை, அந்த 34க்காக.

வினாத்தாள் அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: இரண்டு மார்க்கில் 12 கேள்விக்கு 10, ஐந்து மார்க்கில் 7க்கு 5, பத்து மார்க்கில் 5க்கு 3. பாடத்தில் ஐந்து யூனிட். தானே தேர்வு நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரியில் இது சற்று மாறலாம், அதனால் கடைசி மூன்று வினாத்தாளை லைப்ரரியிலோ ஜெராக்ஸ் கடையிலோ வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மார்க்கில் 20க்கு 14, ஐந்து மார்க்கில் 25க்கு 12, பத்து மார்க்கில் இரண்டு கேள்வி பாதிப் பாதி எழுதி 10. கூட்டினால் 36. மூன்று யூனிட்டை ஒழுங்காகவும் மீதி இரண்டில் இரண்டு மார்க் கேள்விகளை மட்டும் படித்தாலும் இது எட்டுகிற எண்தான். விட்டவர்கள் செய்கிற பெரிய தவறு, முதல் யூனிட்டிலிருந்து அழகாகத் தொடங்கி, அதிலேயே மூன்று வாரம் போய், மீதியைத் திறக்காமலே ஹாலுக்குப் போவது. இன்னொரு தவறு, தெரியாத பத்து மார்க் கேள்வியைத் தொடாமல் விடுவது. தலைப்பும் வரையறையும் நான்கு குறிப்பும் ஒரு படமும் எழுதினால் ஏதாவது விழும், வெற்றுத் தாளுக்குப் பூஜ்யம்தான்.

பதினேழு பேப்பரையும் ஒரே தேர்வில் கட்டச் சொல்லாதீர்கள். கெடு நெருங்கிவிட்டவனுக்கு வேறு வழியில்லை, கட்டித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு முதல் முறை மூன்று அல்லது நான்கு போதும். பணமும் கொஞ்சம், பயமும் கொஞ்சம். அந்த நான்கில் ஒன்று தமிழ் அல்லது ஆங்கிலம், ஒன்று கோர் பேப்பர் (முதன்மைப் பாடம்), ஒன்று கட்டாயம் மார்க் ஷீட்டில் நான்காம் பகுதி (பார்ட் 4) என்று வரும் பேப்பராக இருக்கட்டும். சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி என்று இரண்டு கிரெடிட்டுக்கு வருகிற பேப்பர்கள் அங்கேதான் இருக்கும். அதை யாரும் பேப்பராகவே மதிப்பதில்லை. இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். கோர் எல்லாம் முடித்து, 138இல் நின்று, பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது சுற்றுச்சூழல் கல்வி பாக்கி என்று தெரிந்து இன்னொரு ஆறு மாதம் காத்திருப்பவர்கள் உண்டு. ஐந்தாம் பகுதி, என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு போன்றவற்றுக்கானது. அதுவும் மார்க் ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சி.காரனுக்கு பிராக்டிகல் பாக்கி இருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு: ரெக்கார்டு நோட்டு, அதில் ஆசிரியர் கையெழுத்து, லேபுக்குப் போக அனுமதி. தியரி மாதிரி வீட்டிலிருந்து முடிக்க முடியாது என்பதால் அதற்குத் துறையில் முதலிலேயே பேச வேண்டும்.

வடசென்னைக்கு என்று ஒரு நாள்காட்டி இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு அது தெரியாது. நவம்பர் தேர்வு வருகிற சமயத்தில்தான் தீபாவளி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு அந்த மாசம் லீவு கிடையாது, ராத்திரி வீடு வர பதினொன்று. செப்டம்பரிலேயே முதலாளியிடம் தேர்வுத் தேதிகளுக்கு மட்டும் அரை நாள் கேட்டு வைக்க வேண்டும். அதை அவன் கேட்கமாட்டான், நீங்கள் ஒரு நடை போய்க் கேட்டால் வேலை ஆகும். ஏப்ரல் தேர்வு காசிமேட்டுப் பிள்ளைக்கு வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலை பார்ப்பவனுக்கு நேரம் தாராளமாக இருக்கும், வீட்டில் காசு இருக்காது. தேர்வுக் கட்டணம் அதற்கு முன்பே, பிப்ரவரி மார்ச் வாக்கில் கட்டுவதாக வரும். அதை அப்போதே கட்டிவிட்டால் தடைக்காலம் படிப்புக்கு வரமாக அமையும். அபராதத்தோடு கடைசித் தேதிக்குத் தள்ளினால் அந்தக் காசு அரிசிக்குப் போய்விடும்.

பிறகு மழை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை தாழ்வான தெருக்களில் டிசம்பர் வந்தால் கட்டில் கால் மூழ்கும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்துபோன மார்க் ஷீட்டுகளுக்குக் கணக்கில்லை. சான்றிதழ்களை ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பரணில் ஏற்றுங்கள். பீரோவின் அடித்தட்டு கூடவே கூடாது. ஒவ்வொன்றையும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து அவனுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், பின்னால் முத்திரையோ கையெழுத்தோ வைக்க முடியாமல் போகும். ஒரிஜினலை உங்கள் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஒருநாள் அது பேச்சாகும். பள்ளிச் சான்றிதழ் ஏற்கெனவே தொலைந்திருந்தால் காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பதிவு செய்து, அதன் நகலோடு படித்த பள்ளித் தலைமையாசிரியரிடம் வழி கேட்டு நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

டிசி வாங்கியவனுக்கு வருவோம். அவனுக்கு முன்னால் இரண்டு கதவு. ஒன்று, மறுபடியும் முதலாண்டு ரெகுலர். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் இணையத்தில் ஒரே விண்ணப்பம். கட்டணம் சமீப ஆண்டுகளில் 50 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 2 ரூபாய். வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரி, பெண்களுக்கு பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி எல்லாம் அதில் வரும். இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மற்ற சில்லறைக் கட்டணங்கள் உண்டு. இரண்டு ஷிஃப்ட் நடக்கிற கல்லூரியில் வேலைக்குத் தகுந்த ஷிஃப்டைக் குறியுங்கள். விடிகாலையில் மீன் ஏலத்துக்கு நிற்பவனுக்கு மதிய ஷிஃப்ட், ராத்திரி கம்பெனிக்குப் போகிறவனுக்குக் காலை ஷிஃப்ட். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி அரசு உதவி பெறுவது, அங்கே விண்ணப்பம் தனி. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு கல்லூரி பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. திருவொற்றியூர்ப் பிள்ளைக்கு இப்போது போக்குவரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

இரண்டாவது கதவு தொலைநிலைக் கல்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்விப் பிரிவு, சைதாப்பேட்டையிலுள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆகியவற்றில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. பழைய கல்லூரியில் தேறிய பேப்பர்களைக் காட்டி நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பிளஸ் டூ முடிக்காதவனை மட்டும் "நேரா டிகிரி போட்டுக்கலாம்" என்று கூப்பிடுகிற தெருமுனை சென்டரிடம் விடாதீர்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாக வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. 2009இல் வந்த அரசாணை 107 சொல்வது அதுதான். டிஎன்பிஎஸ்சி கனவு இருந்தால் முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூ. 

தொலைநிலையில் சேர 2024 முதல் டெப் ஐடி என்று ஒன்று கட்டாயம், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருகிற எண் அது. அதற்கு ஏபிசி ஐடி (மாணவர் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற இணையக் கணக்கின் எண்) வேண்டும், அதற்கு ஆதார். இங்கே வந்து மாட்டுவது நம் இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் 'கார்த்திக் மு', ஆதாரில் 'கார்த்திக் முருகன்', காலேஜில் 'எம். கார்த்திக்'. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். கல்யாணமான பெண்களுக்கு இன்னும் சிக்கல். ஆதாரில் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போட்டிருப்பார்கள். ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்றாக மாற்றாமல், பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளதையே அடிப்படையாக வைத்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆதாரை ஒரே முறையில் திருத்துங்கள். சேர்க்கை முடிவதற்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் திருத்தப் போனால் அந்த சேர்க்கை போய்விடும்.

பெண் பிள்ளைகளுக்கு ரெகுலரா, தொலைநிலையா என்று முடிவெடுக்கும்போது புதுமைப்பெண் கணக்கையும் போட வேண்டும். 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மாதம் 1000 ரூபாய், பின்னர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் சேர்ந்தார்கள். 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. தொலைநிலைக் கல்விக்கு இவை கிடையாது. ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம், ஆனால் "படிக்க அனுப்பினா செலவுதான்" என்கிற மாமியாரிடம் பேசும்போது அது கனமான தொகை. கல்வி உதவித்தொகையில் ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே வாங்கிய வருஷத்தையே திரும்பப் படித்தால் அந்த வருஷத்துக்கு மறுபடி வராது. அதை நம்பி பட்ஜெட் போட்டால் இரண்டாவது மாதமே இடிக்கும்.

சேர்ந்த பிறகு ஆபத்தான நேரம் முதல் நாள் இல்லை, மூன்றாவது வாரம். முதல் வாரம் புதுச்சட்டை, எல்லாரும் விசாரிப்பார்கள். மூன்றாவது வாரத்தில்தான் தம்பி வயதுப் பிள்ளைகள் 'அண்ணா' என்று கூப்பிட்டு, குரூப்பில் சேர்க்காமல், கேன்டீனில் தனியாக உட்கார வைப்பார்கள். அந்த வாரத்தில் நீங்கள் போன் செய்ய வேண்டும். "படிக்கிறியா?" என்று கேட்காதீர்கள், "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு யாரு பீரியட் மொதல்ல? நோட்ஸ் யார்ட்ட வாங்கின?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் போகிறான் என்று அர்த்தம். "அதெல்லாம் இல்லண்ணா, சும்மா..." என்று இழுத்தால் அன்றைக்கு அவன் போகவில்லை. திட்டாமல், சாயந்திரம் டீக்கடைக்கு வரச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை சாயந்திரம் என்று வைத்துக்கொண்டால் நாற்பது நிமிடம் போதும். அதில் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்த நோட்டைத் திறந்து, இந்த வாரம் எந்த யூனிட், எத்தனை இரண்டு மார்க் எழுதிப் பார்த்தான், அடுத்த வாரம் எது, அவ்வளவுதான். கணக்கு, அக்கவுண்ட்ஸ் மாதிரி ஆள் வேண்டிய பேப்பருக்கு அதே படிப்பை முடித்த ஏரியாப் பையன் ஒருவனைப் பிடித்துக் கொடுங்கள். வீட்டில் உட்கார இடமில்லை என்றால் பக்கத்துக் கிளை நூலகம், கொளத்தூர்ப் பக்கம் இருப்பவருக்கு முதல்வர் படைப்பகம். டிவி ஓடுகிற ஒற்றை அறையில் உட்கார்ந்து படி என்று சொல்வது அநியாயம்.

காசு விஷயத்தில் என் கட்சி இது: முழுக் கட்டணத்தையும் நீங்கள் கட்டாதீர்கள். முடியாத வீடு என்றால் பாதியைக் கொடுங்கள், மீதியை அவன் சம்பளத்திலிருந்து கட்டட்டும். ஓசியில் வந்த ஹால் டிக்கெட் எழுதப்படாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். கட்டிய ரசீதை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். இணையத்தில் கட்டும்போது பணம் பிடித்துக்கொண்டு ரசீது வராமல் போவது சகஜம். கடைசி நாள் இரவு பத்து மணிக்குக் கட்டினால் அதைச் சரிசெய்ய மறுநாள் கிடையாது.

தேர்வன்று காலை அரை மணி முன்பே கேட் பக்கம் போய் நின்றால் நல்லது. ஹால் டிக்கெட்டில் பேப்பர் கோடும், காலையா மதியமா என்பதும் சரியாக இருக்கிறதா என்று முந்தின இரவே இருவரும் பார்த்திருக்க வேண்டும். மதியத் தேர்வைக் காலை என்றும், காலைத் தேர்வை மதியம் என்றும் நினைத்துப் போனவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் உண்டு. வெளியே வந்ததும் "எப்படி எழுதின?" என்பதை விட்டுவிட்டு எத்தனை கேள்வி தொட்டான் என்று கேளுங்கள். 10, 5, 3 என்றால் நோட்டில் குறித்துவிட்டு அடுத்த பேப்பருக்குப் போகலாம்.

ரிசல்ட் வந்த அன்று நீங்களும் கூட இருங்கள். 30க்கு 28, 29 என்று நின்றிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. விரக்தியில் போனை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் அந்த வாரத்திலேயே கடைசித் தேதி போய்விடும். நான்கு எழுதி இரண்டு தேறியிருந்தால் நோட்டில் அந்த இரண்டின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு அவன் கையாலேயே போடட்டும். மீதிப் பதினைந்துக்கு எதிரில் இருக்கிற எண்களில் எது சின்னது என்று பார்த்து, அடுத்த கட்டண அறிவிப்பு வருவதற்கு முன்னால் அடுத்த நான்கைக் குறித்து வையுங்கள்.